சீமை எலிகளின் தவிடு

யுத்தம் முடிந்த மறுவருஷம் மிஷன் பங்களாவிலிருந்த துரைசாணி அம்மாள் தம் நாட்டுக்குத் திரும்பினார். போகும்முன் ஆளுக்கு ஒரு பொருளாகக் கொடுத்தார். சமையல்காரருக்குக் கெட்டில், தோட்டக்காரருக்குக் குடை, ஆயாவுக்குக் கம்பளி. நான் பங்களாவில் வேலை செய்தவள் அல்ல. பங்களாவுக்குப் பின்னாலிருந்த ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எனக்கு அவர் கொடுத்தது கம்பிவலை அடித்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரண்டு சீமை எலிகள் இருந்தன.

ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவற்றுக்கு வால் கிடையாது. கூரான மூஞ்சி கிடையாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினால் நிறைகிற உருண்டை உடம்பு. ஒன்று வெள்ளையும் பழுப்புமாக இருந்தது, மற்றது முழுக் கறுப்பு. இரண்டும் பெண். சுவர் ஏறத் தெரியாது, கடித்துத் துளைக்கத் தெரியாது. யாராவது புல்லோடு வருகிற சத்தம் கேட்டால் விசில் அடிப்பதுபோலக் கத்தும். அவ்வளவுதான் அவற்றின் சாமர்த்தியம். அவற்றை என்னிடம் ஒப்படைக்கும்போது துரைசாணி அம்மாள், வேளை தவறாமல் தீனி வைக்கக்கூடியவள் நீ ஒருத்திதான் என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போகிறவர்கள். நான் எட்டாவது முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மாதச் சம்பளம் வாங்கினேன். எங்கள் தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்த முதல் பெண்ணும் நான்தான். இதனாலெல்லாம் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது. அந்தக் கனத்தால்தான் மரப்பெட்டி வீட்டுக்குள் வர முடிந்தது.

நைனா வேலையிலிருந்து வந்து பெட்டியின் முன்னால் குந்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கினி பிக்கு நைனா. துரைசாணி அம்மா குடுத்தாங்க."

"துன்றதுக்கா?"

"வளக்கறதுக்கு."

அவர் கம்பிவலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "பகலெல்லாம் கொல்லியில எலி வளையத் தோண்டி அடிச்சிட்டு ஊட்டுக்கு வந்தா, ஊட்ல எலிக்குக் கூண்டு கட்டி வெச்சிருக்கே" என்றார்.

"இது எலி இல்ல நைனா."

"ஆங். அதுக்குத் தெரியுமா அது எலி இல்லன்னு?"

அன்றைக்கு அவர் கோபமாக இல்லை. கோபம் பின்னால் வந்தது.

வெயில் காலத்தில் தீனி ஒரு பாரமே அல்ல. அருகம்புல், முருங்கைக்கீரை, மல்லாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக் கொடி என்று காசில்லாமல் கிடைப்பதையே தின்றன. மழைக்காலம்தான் சிக்கல். நனைந்த புல்லை மட்டும் தந்துவிடாதே, வயிறு கழிந்து செத்துவிடும் என்று துரைசாணி அம்மாள் இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஐப்பசி பிறந்ததும் உலர்ந்த தீனியைச் சேர்த்து வைத்தே ஆகவேண்டும். தவிடு, கம்பு, கொஞ்சம் கடலை நொய். ரேஷன் நாட்களில் இது எளிதாகக் கிடைக்கிற பொருள் அல்ல. தவிட்டை மாடு வைத்திருப்பவர்கள் மில் வாசலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி கனகம்மாசத்திரத்து மில்லுக்குப் போய், காலையிலிருந்து நின்று ஒரு சிறு மூட்டை வாங்கி வந்தேன். மழை முழுவதும் அதுதான் கணக்கு. இன்னொரு மூட்டை கிடைக்காது என்று மில்காரர் அப்போதே சொல்லிவிட்டார்.

ஊர் எலிகள் அது தெரிந்த மாதிரி வந்தன. எங்கள் தெரு ரயிலடியிலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் வந்து தெரு முனையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்று இலையைப் போட்டுவிட்டுப் போகும். அந்த இலைகளில் வளர்ந்த எலிகள் பூனைக்கே வழிவிடாது. மழை பிடித்ததும் தெருவில் வளைகளில் தண்ணீர் நிறைந்து எல்லாம் வீடுகளுக்குள் ஏறின.

மூட்டையை முதலில் மூலையில் வைத்தேன். மறுநாளே கோணியில் விரல் நுழைகிற ஓட்டை. தவிட்டை மண்பானைக்கு மாற்றி மேலே தட்டு மூடிக் கல் வைத்தேன். தட்டு பக்கத்தில் கிடந்தது, கல் அதன்மேல் இருந்தபடியே இருந்தது. எப்படித் தள்ளின என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு உறி. விட்டத்திலிருந்து கயிறு கட்டிப் பானையைத் தொங்கவிட்டால் போதும் என்று அம்மா சொன்னாள். கயிற்றில் இறங்கி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற கயிறுகளில் எலி ஏறாமலிருக்க வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பாடப் புத்தகப் படத்தில் பார்த்திருந்தேன். தகடு கிடைக்கவில்லை. ஒரு பழைய முறத்தின் நடுவில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோர்த்தேன். எலி கயிற்றில் இறங்கியது, முறத்தின்மேல் வந்தது, முறம் சாய்ந்தது, அது நேராகப் பானைக்குள் விழுந்தது. விடியற்காலையில் பானைக்குள்ளிருந்து அது குதித்து ஓடியதை நைனா பார்த்தார்.

"படிச்சவங்க எலிக்கு ஏணி வெச்சிருக்காங்க" என்றார்.

சுவரோரம் இருந்ததால்தான் என்று சொல்லி, நான் உறியை வீட்டு நடுவுக்கு மாற்றினேன். முறத்தை இறுக்கிக் கட்டினேன். எலி வருவது குறைந்தது. ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொரு தடவையும் நைனா தலையில் இடித்துக்கொண்டார். மூன்றாவது நாள் அவரே அறுத்துக் கீழே வைத்துவிட்டார்.

தகர டின் ஒன்று கிடைத்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. யுத்தத்துக்கு முன்னால் மண்ணெண்ணெய் டின் யார் வீட்டிலும் கிடக்கும். இப்போது கடைக்காரர் டின்னைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. சீசாவில் ஊற்றித் தருகிறார். தகரப் பெட்டியோடு வரச்சொன்ன பயிற்சிப் பள்ளிக்கே நான் மூங்கில் கூடையோடுதான் போய் வந்தேன்.

தவிட்டைத் தேடி வந்தவை பக்கத்திலிருந்த அரிசியைக் கண்டுபிடித்தன. அதுதான் விஷயத்தைத் திருப்பியது. ரேஷன் அரிசிப் பை கிழிந்து தரையில் சிந்திக் கிடந்த காலையில், நைனா பெட்டியின் முன்னால் குந்தவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னாரு. பட்டணத்துல ஊசி மருந்து பண்றவங்க இந்த ஜாதிய வாங்கிக்கிறாங்களாம். குத்திப் பாக்கறதுக்கு. அவரு ஆள் மூலியமா அனுப்பிடறேன்னு சொல்றாரு."

"நைனா."

"நம்ம சபை அறுப்புப் பண்டிக வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தத் தவுட்ட எலி தொடாத எடத்துல வெச்சிரு. இல்லாட்டி அதுங்கள கம்பவுண்டர்கிட்ட குடுத்துருவேன். அரிசி போனா நான் எங்க போயி நிக்கறது?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. அதனால் நான் வாதாடவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு டின் இருந்தது. அது எங்களுடையதல்ல. சமைக்க அரிசி எடுக்கும்போது அதில் ஒரு பிடியைச் சபைக்கென்று தனியாக எடுத்து வைப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். சேர்ந்ததை மாதர் சங்கத்தார் வந்து வாங்கிப் போவார்கள். அதற்காகப் பங்களாவுக்கு வந்த பழைய பிஸ்கட் டின்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். வட்ட டின், மேலே சிலுவை வரைந்திருக்கும், மூடி அவ்வளவு இறுக்கம். அம்மா அதைச் சாமி டின் என்பாள். அடுப்புப் பக்கத்தில் தரையிலேயே இருந்தது. ரேஷன் வந்தபிறகு அரிசிப் பிடிக்குப் பதில் கம்போ கேழ்வரகோ போட்டாலும் சபை ஏற்றுக்கொண்டது. ஒருநாள் அதைத் துடைக்கும்போது பார்த்தேன். மூடி ஓரமெல்லாம் எலிப் பல் பட்டு வர்ணம் உரிந்திருந்தது. உள்ளே ஒரு மணிகூடக் குறையவில்லை.

அம்மாவிடம் கேட்டேன்.

"சாமி சொத்துல எலித் தீனியா?" என்றாள்.

"எலி இல்லம்மா."

"ஆங், பிக்கு."

"பாதி டின்னு காலியாத்தானே கீது. அடியில என் தவுடு, மேல ஒரு துணி, அதுக்கு மேல உன் பிடி. ரெண்டும் கலக்காது. சங்கத்துல வர்றதுக்கு முன்னாடி நான் என்னுத எடுத்துடறேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே யோசித்தாள். "அதுங்களும் ஆண்டவர் படைச்சதுங்கதான்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. எலியயும் அவருதான் படைச்சாரு. அத மறந்துடாத."

துணியை நான் வட்டமாக வெட்டினேன். டின்னின் உட்சுற்றுக்குச் சரியாக உட்கார்ந்தது. தவிட்டு வாசனை போனதும் வீட்டில் எலி நடமாட்டம் அடங்கத் தொடங்கியது. கிடைக்காத இடத்துக்கு அவையும் எத்தனை நாள் வரும். நைனா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். சீமை எலிகள் மழையிலும் உலர்ந்த தீனி தின்று பளபளப்பாக இருந்தன.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்புப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. சங்கத்தார் சனிக்கிழமை மாலையில்தான் டின் வாங்க வருவார்கள். அந்தச் சனிக்கிழமை வானம் கறுத்திருந்ததால் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் மாலை வரைக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். நைனாவும் அம்மாவும் மல்லாக்கொட்டை பிடுங்கப் போயிருந்தார்கள். அடுத்த வீட்டிலிருந்த பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்தவள், தன் டின்னோடு எங்கள் டின்னையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்த அம்மாவிடம் அவள் பெருமையாகவே சொன்னாள்.

"உன்னுது நல்ல கனம்டி. என்னுதவிட கனம். தூக்கிக் குடுக்கறப்ப எனக்கே வெக்கமாப் போச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு சபைக் கோவிலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி சங்கத்துத் தலைவி அம்மாளிடம். அவர் மகள் வீட்டுக்கு அம்மையார்குப்பம் போயிருந்தார், காலையில்தான் வருவாராம். நாளைக்கு ஆராதனைக்கு முன்னால் கேட்டு வாங்கிவிடலாம் என்று திரும்பி வந்தேன்.

காலையில் நான் போனபோது, டின்கள் எல்லாம் கவிழ்த்தாகிவிட்டிருந்தன.

கோவில் பக்கத்துத் தாழ்வாரத்தில் பெரிய பாய் விரித்திருந்தது. அதில் அரிசியும் கம்பும் கேழ்வரகும் குவியலாகக் கிடந்தன. ஓரத்தில் ஒரு சிறு குவியல் தனியாக. பழுப்பாக. அதன்மேல் என் வட்டத் துணி. சங்கத்துப் பெண்கள் சுற்றி நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேலுக்கு அரிசி, அடியில தவுடு. நடுவுல துணி வேற."

"மூட்ட விக்கறவன் செய்யற வேல இது."

"எந்த ஊடுன்னு தெரியலியா?"

"எல்லா டின்னும் ஒரே மாதிரி. சிலுவையப் பாத்து எந்த ஊடுன்னு கண்டுபிடிக்கறது எப்படி."

தலைவி அம்மாள் என்னைக் கண்டதும், "பாருங்க டீச்சர், ஆண்டவரயே ஏமாத்தறாங்க" என்றார். வாசலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்காக வரிசையாகக் காத்திருந்தார்கள். ஆராதனை மணி அடித்தது. நான் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போனேன்.

பாட்டு நன்றாகத்தான் அமைந்தது. மற்றபடி அந்த ஆராதனையில் என்ன பிரசங்கம் சொன்னார்கள் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டு காரியங்கள்தான் மனதில் ஓடின. சும்மா இருந்தால் தவிடு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவராது. சும்மா இருந்தால் தீனி போகும், இன்றோடு நைனா சொன்ன கெடு முடிகிறது, கம்பவுண்டரின் ஆள் வந்து பெட்டியைத் தூக்கிப் போவான்.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். ஜனங்கள் படைத்த பூசணி, கரும்பு, கோழி, முட்டை எல்லாவற்றையும் சபையை நடத்துகிற உபதேசியார் கூவி விற்பார். காசு கோவிலுக்கு. இதில் ஒரு முறை உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பெரும்பாலும் அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "மறுபடி படைக்கிறேன்" என்று திருப்பிக் கொடுப்பார். அதை மறுபடி கூவுவார்கள். அந்த வருஷம் ஒரே எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறி ஒரு ஆட்டின் விலையைத் தொட்டது. எடுத்ததைக் கையோடு கொண்டுபோகிறவர்களைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். நினைவில் மட்டும் வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ஏலம் கேட்பது ஆண்கள். பெண்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் வீட்டு ஆணின் காதில் சொல்வார்கள்.

கடைசியில் உபதேசியார் ஒரு முறத்தில் என் தவிட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இது தவுடு, கம்பு, கடல நொய். நல்லாத்தான் கீது, புழு இல்ல. படைச்சவங்க யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்." ஜனங்கள் சிரித்தார்கள். "மாடு வெச்சிருக்கவங்க, கோழி வெச்சிருக்கவங்க கேளுங்க."

என் அத்தை மகன் முன்னால் நின்றான். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். திருவாலங்காட்டுப் பக்கம் லயனில் வேலை. குடிசையைச் சுற்றிக் கோழி வளர்த்தான். என்னைவிட மூத்தவன் என்பதால் பாவா என்றுதான் கூப்பிடுவேன். நான் படித்ததிலிருந்து அவன் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டான், அதில் மரியாதையைவிடக் கிண்டல் அதிகம்.

"ரெண்டணா" என்றான் பாவா. "ஆண்டவருக்கு வேணாம்னா என் கோழிக்கு ஆவட்டும்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "வுட்ரு" என்றாள் காதோடு. "பேசாத இரு. யாருக்குந் தெரியாது."

நைனா ஆண்கள் பக்கத்தில், சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் காதில் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு. சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பாதிக்கிறவள் நான், தீனி என்னுடையது.

"நாலணா" என்றேன்.

தலைகள் திரும்பின. பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்ததை உபதேசியார் நம்பாதவர்போலக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"டீச்சரம்மாவா?" என்றான் பாவா. "உனக்கு எதுக்கு தவுடு? பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போடறாங்களா?"

"கேக்கறதுன்னா கேளு பாவா. இல்லாட்டி வுட்டுடு."

"ஆறணா."

"எட்டணா."

"தெரியாதா உங்களுக்கு" என்று அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "சீமை எலி வளத்துகினு கீறாங்க. ஊரு எலி துன்னா காசு இல்ல, சீமை எலி துன்னா எட்டணா. பத்தணா."

"அது எலி இல்ல" என்றேன். "ஒரு ரூபா."

பாவா முறத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒரு ரூபா குடுத்து தவுடு வாங்கிகினு போனா என் கோழிங்களே என்னப் பாத்து சிரிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

உபதேசியார் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொன்னார். பிறகு வழக்கப்படி முறத்தை என் பக்கம் நீட்டாமல் தன் பக்கமே வைத்துக்கொண்டு, "மறுபடி படைச்சுடலாங்களா டீச்சர்?" என்று கேட்டார். கேள்விபோல அது இல்லை.

"இல்லிங்க. எனக்கு வேணும்."

"வழக்கம் ஒண்ணு கீதும்மா."

"தெரியுங்க. இது எங்க ஊட்டுத் தவுடு. அந்த டின்னு எங்க டின்னு. எலி தொடாத எடம் வேற இல்லாததால அடியில வெச்சிருந்தேன். மேல இருந்தது படைப்பு. அடியில இருந்தது என்னுது. யாரும் இல்லாதப்ப தெரியாம வந்துடுச்சி. ஏமாத்தறதுக்கு யாரும் வெக்கல. அதனால கேட்டு எடுத்துக்கினு போறேன்."

வகுப்பில் பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு வேறு குரல் இல்லை. பெரியம்மா, "ஐயோ, நான்தானே தூக்கிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை.

உபதேசியார் யோசித்தார். "அப்ப உன் பொருளுக்கு நீயே காசு குடுத்திருக்கே."

"ஆமாங்க."

"சரி. காசு படைப்பு. தவுடு உன்னுது. எடுத்துக்கினு போ."

சங்கத்துத் தலைவி அம்மாளுக்கு அது போதவில்லை. டின்னைக் கேட்டபோது தரவில்லை. சாமிக்கென்று கொடுத்த டின், அதைச் சாமிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் என்றார். டின்னுக்குப் பதிலாக அம்மாவிடம் ஒரு மண் கலயம் தந்தார்கள். அம்மா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

முறமும் கோவில் முறம். தவிட்டை என் முந்தானையில்தான் கொட்டினார்கள். அன்று பண்டிகைக்காக நான் கட்டியிருந்தது அம்மையார்குப்பத்துக் கைத்தறிப் புடவை. நல்ல நெருக்கமான நெசவு. அப்படியும் மெல்லிய தவிட்டுத் தூள் நூலிடுக்கு வழியாகச் சிந்திக்கொண்டே வந்தது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. தூறல் விழுந்தால் அத்தனையும் வீண் என்று நான் வேகமாக நடந்தேன். அம்மா பின்னால் வந்தாள்.

"நாளைக்குத் தண்ணிக்குப் போனா நாலு பேரு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. உள்ளதுதானே."

"நீ சொல்லுவே. உனக்குப் பள்ளிக்கூடத்துல வாயி குடுத்திருக்காங்க. எனக்கு யாரு குடுத்தா?"

நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபிறகுதான் முந்தானையை எங்கே அவிழ்ப்பது என்ற கேள்வி வந்தது. கோணி ஓட்டை. பானை இருக்கிறது, பானையைத் திறக்க எலிகள் பழகியிருந்தன. டின் போய்விட்டது. நான் முந்தானையைப் பிடித்தபடியே வீட்டைச் சுற்றி வந்தேன். இருந்தவை மண்ணும் மூங்கிலும் ஓலையும். எல்லாமே பல் இறங்குகிறவை. பின்பக்கத்து இறவாரத்தின் கீழே ஆட்டுக்கல் இருந்தது. ரேஷன் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மாவு ஆட்டவில்லை. அரிசியும் உளுந்தும் சேர்ந்து கையில் கிடைத்தால்தானே ஆட்டுவது. குழி நிறைய சிலந்தி நூல். குழவியை உருட்டி வெளியே எடுத்தேன். குழியைத் துடைத்தேன், பழைய துணி ஒன்றை உள்ளே விரித்தேன், தவிட்டைக் கொட்டினேன். பாதிக்குமேல் பிடித்தது. மீதியை அன்றைக்கும் மறுநாளைக்கும் என்று பெட்டியிலேயே தூவினேன். கால் கழுவுகிற இடத்தில் கிடந்த பலகைக் கல்லைக் கழுவி, வேட்டித் துணியால் ஈரம் ஒற்றி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஆட்டுக்கல்லின் வாயில் வைத்தோம். ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. கல்லைத் தூக்க அம்மா, நான் கேட்காமலே வந்திருந்தாள்.

நைனா தாமதமாக வந்தார். கையில் ஒரு கரும்பு. ஏலத்தில் யாரும் மறுபடி படைக்காமல் விட்டதாம். தூறல் தொடங்கியிருந்தது.

"எங்க வெச்சே?" என்றார்.

காட்டினேன். அவர் பலகைக் கல்லை ஒரு கையால் நகர்த்தினார். உள்ளே கையை விட்டுத் தவிட்டை ஒருமுறை அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டார். கல்லைப் பழையபடி வைத்தார்.

"கிறிஸ்மஸுக்கு உங்கம்மா மாவு ஆட்டணும்."

"அதுக்குள்ள மழ விட்டுடும் நைனா."

"ஒரு ரூபா" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. கரும்பை முழங்காலில் வைத்து உடைத்தார்.

மறுநாள் காலையில் இறவாரத்தின் ஈரமண்ணில் எலிக் கால்தடங்கள் இருந்தன. ஆட்டுக்கல்லைச் சுற்றி வந்திருந்தன, பலகைக் கல்மேல் ஏறியதற்குச் சேற்றுத் தடம் இருந்தது, பிறகு வேலிப் பக்கம் போயிருந்தன. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. நைனா அந்தத் தடங்களை நின்று பார்த்தார். நான் தீனி எடுக்கக் கல்லை நகர்த்த முயன்றபோது அவரே வந்து நகர்த்திக் கொடுத்தார். உள்ளே பெட்டியிலிருந்து விசில் கேட்டது. கம்பவுண்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.